சோடாவுக்காக முடிக்காமல் வைத்த ஜெபம்

எனக்கு இதை முதன்முதலில் சொன்னது எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா பிரிசில்லாதான்; போன குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள். "நாய் அமைதியா இருக்கணும்னா மொதல்ல வீட்டுல உள்ள ஆளுங்க அமைதியா இருக்கணும்மா" என்றார். நான் உடனே திரும்பி எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த கறவை மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா, டாக்டரம்மா சொல்றத?" என்றேன்.

"ம்" என்றார்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அந்த 'ம்'தான். ஆனாலும் டாக்டரம்மா சொன்னபிறகு நான் அவரைக் கொஞ்சம் கண்டிப்பாகவே கவனித்துவந்தேன்.

பஸ்ஸில் இடம் கம்மி, உங்கள் காலை லேசாக அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்க தங்கச்சி. சீட்டுக்கு அடியில் வயர்க்கூடை இருக்கிறது பாருங்க, மேலே பூப்போட்ட துண்டு மூடி? அதில் இருப்பது துணிமணி இல்லை. சோடா. எங்கள் நாய். அய்யோ, பயந்துவிடாதீங்க, எழுந்திருக்கவும் வேண்டாம். தூத்துக்குடியில் ஏறியதிலிருந்து ஒரு சத்தம் கேட்டீங்களா? மூச்சுச் சத்தமாவது? கண்டக்டர் தம்பி ஏறும்போதே சொல்லிவிட்டது: "பாட்டி, ஒரு குரைப்பு கேட்டுச்சு, நடுரோட்டுல ரெண்டு பேரையும் இறக்கி விட்டுருவேன்." பாட்டி என்றதைக்கூட நான் பெரிதுபண்ணவில்லை. நாளைக் காலையில் என் மகள் ஷைனி வேலையில் போய்ச் சேர வேண்டும். பிள்ளைபெற்ற லீவு இன்றோடு முடிகிறது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள நாங்கள் மதுரைக்குப் போய்த்தான் ஆகணும். சோடாவும் வந்துதான் ஆகணும். நடுரோட்டில் இறக்கினால் நான் எங்கே போவேன்?

ரெண்டு பேர் என்று கண்டக்டர் சொன்னது என்னையும் சோடாவையும். எங்கள் வீட்டுக்காரர் வேறு சீட். அந்தா, முன்னால் சன்னல் ஓரமாக, கண்ணை மூடி இருக்கிறாரே, வெள்ளைச் சட்டை, அவர்தான். ஞானசிகாமணி என்று பேர். தூங்கவில்லை. நான் காலை நீட்ட இடம் வேண்டும் என்று அவராகவே தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு பிரியம்.

சோடா என்று பேர் வைத்தது மஸ்கட்டில் இருக்கிற என் மகன். குட்டியைக் கொண்டுவந்து என் மடியில் விட்டுவிட்டு, "யம்மா, இதுக்கு மூடி திறந்தா அடங்காது" என்று சொல்லி அவன் விமானம் ஏறிவிட்டான். உண்மைதான். பால்காரர் வந்தால் குரைப்பு. பால்காரர் வரவில்லை என்றாலும் குரைப்பு. கோயில் மணி அடித்தால் மணியோடு போட்டி. அதெல்லாம் வீட்டோடு போகட்டும், வெளியே கூட்டிக்கொண்டு போனால் மானம் போகும். மீன்கடையில் நின்று மீனைப் பார்த்துக் குரைப்பான். செத்த மீன் தங்கச்சி, அது இவனை என்ன செய்தது?

குருத்தோலை ஞாயிறுதான் உச்சம். ஆண்டவர் கழுதை மேல் எருசலேமுக்குள் போன நாள் இல்லையா, சபை முழுக்க ஓலையைத் தூக்கிப் பிடித்து, பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் பவனி வருகிறது. இவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவந்தான். அத்தனை ஓலையையும் அடிக்க ஓங்கிய கம்பு என்று நினைத்துவிட்டான் போல. பாடகர் குழு ரத்தினபாய் டீச்சர் கையிலிருந்த ஓலையைப் பிடுங்கி, வாயில் வைத்துக்கொண்டு, பவனிக்கு முன்னால் போய்விட்டான். அங்கி போட்ட பாதிரி ஐயர்மார் எல்லாருக்கும் முன்னால். தெருவே சிரிக்கிறது. எங்கள் ஐயர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "கனகமணியக்கா, எருசலேமுக்குக் கழுதையே போதும்."

அதற்கு மறுநாள்தான் டாக்டரம்மாவிடம் போனது.

அவர் சொன்ன வழி ரொம்பச் சுலபம். நாயை உட்காரவைக்கணும். ஆரம்பிக்க ஒரு வார்த்தை, முடிக்க ஒரு வார்த்தை. நடுவில் அவன் வாயைத் திறக்கக் கூடாது. முடிக்கிற வார்த்தை வந்ததும் அவனுக்குப் பிடித்த தீனி. "நாளாக ஆக நடுவுல உள்ள நேரத்தை நீட்டிக்கிட்டே போங்கம்மா. என்ன வார்த்தைனாலும் சரிதான். ஆனா தெனமும் அதே வார்த்தையா இருக்கணும். மாத்திராதீங்க" என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். தினமும் ஒரே வார்த்தையில் ஆரம்பித்து ஒரே வார்த்தையில் முடிகிற காரியம் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? சட்டென்று வெளிச்சம் வந்தது. குடும்ப ஜெபம்! விளக்கு வைக்கிற நேரத்தில் பாய் விரித்து உட்காருவோம். "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பிப்பேன். முடிக்கும்போது எல்லாரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லுவோமே, அந்த வார்த்தை. நீங்கள் கழுத்தில் சிலுவை போட்டிருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். சத்தமாகச் சொல்லமாட்டேன், அவனுக்குக் காது கூர்மை. எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்: ஒரு ஆவன்னா, ஒரு 'மெ', கடைசியில் ஒரு 'ன்'. எழுத்துக்கூட்டினால் அவனுக்குப் புரியாது. நீங்கள் சேர்த்துச் சொல்லிவிடாதீங்க!

தீனிக்கு நெத்திலிக் கருவாடு. அதற்கு அவன் உயிரைக் கொடுப்பான்.

முதல் நாள் ஜெபத்தை ஆரம்பித்த உடனே குரைத்தான். நான் விடவில்லை, மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி குரைத்தான். மறுபடி ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுக்காரர் முழங்காலில் நின்றபடி, "பரலோகத்துல காதைப் பொத்தியிருப்பாக" என்றார். பாருங்க, இப்படித்தான் நடுவில் பேசுவார். டாக்டரம்மா சும்மாவா சொன்னார்?

ஒரு வாரம் போகவில்லை. "அன்பின்" என்று நான் வாயைத் திறந்தாலே போதும், சோடா பின்னங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கு உடம்பே புல்லரித்தது. "பாருங்க, கண்ணை மூடி ஜெபிக்கான்" என்றேன்.

"ஒத்தக் கண்ணு. மத்தக் கண்ணு கருவாட்டு மேல இருக்கு" என்றார் இவர்.

அப்போ இவர் எப்படிப் பார்த்தார்? ஜெபத்தில் கண்ணைத் திறந்திருந்தால்தானே தெரியும்?

டாக்டரம்மா நேரத்தை நீட்டச் சொன்னார்களே, நான் நீட்டினேன். மகனுக்காக, மகளுக்காக, அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்காக ஜெபித்தேன். அது பத்தவில்லை, அவன் அசையாமல் இருந்தான். மழையில் உப்பளம் கரையாமல் இருக்க, கடலுக்குப் போன வள்ளம் திரும்ப, எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வர, குழாயைத் திறந்துவிடுகிறவர் குடியை விட என்று போய்க்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டுக்காரருடைய முழங்கால் வலிக்காக மனம் உருகி ஜெபித்தேன். அந்த முழங்காலில்தான் அவர் அப்போது நின்றுகொண்டிருந்தார். இவ்வளவுக்கும் சோடா கல்லுப் பிள்ளையார் மாதிரி, எங்கள் சபையில் அப்படிச் சொல்லக்கூடாது, கல்லு மாதிரி இருப்பான். கடைசியில் அந்த வார்த்தை வரும் பாருங்க, அப்போ திறக்கும் மூடி! துள்ளுவான், சுழலுவான், பாய் ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம், வீட்டைச் சுத்தி நாலு சுற்று. அதுவரைக்கும் அடக்கிவைத்த குரைப்பு எல்லாம் மொத்தமாக வரும். நான் அதைத் தடுக்கவில்லை. ஜெபம் முடிந்த சந்தோஷம் அவனுக்கு. நம்மில் எத்தனை பேருக்கு அந்தச் சந்தோஷம் இருக்கிறது?

"எனக்கு இருக்கு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

ஒரே ஒரு தொந்தரவு. டிவியில் செய்தி ஆரம்பிக்கிற நேரம் வந்தால் இவருக்கு வாய் தவறிவிடும். நான் உப்பளத்தில் நிற்பேன், இன்னும் வள்ளத்துக்கே போயிருக்கமாட்டேன், இவர் மெல்ல, காற்று விடுகிற மாதிரி, அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான். சோடா வெடித்துவிடுவான். அதற்குப்பிறகு யார் ஜெபிப்பது? "என்னங்க இது?" என்றால், "வாய் தவறிட்டு" என்பார். வாரத்தில் பாதி நாள் தவறியது. வயசாகிறது, பாவம், வாய் அவருக்குக் கட்டுப்படவில்லை. அதற்காகவும் ஜெபத்தில் ஒரு பகுதி சேர்த்தேன்.

அப்புறம் சோடாவை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ரேஷன் கடை. வரிசையில் நிற்கும்போது ஒரு வெள்ளாடு வந்தது. சோடாவுக்குத் தொண்டையில் உறுமல் கிளம்பியது. நான் அவன் காதருகில் குனிந்து, "அன்பின் பரலோகப் பிதாவே" என்றேன். உட்கார்ந்துவிட்டான்! ஆடு அவன் முகத்துக்கு நேரே அட்டைப்பெட்டியைத் தின்கிறது, இவன் தலைகுனிந்து இருக்கிறான். நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, எனக்கு முன்னால் நின்ற பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். ரேகை வைக்கிற மிஷின் காலையிலிருந்து வேலை செய்யவில்லையாம், அதற்காக ஜெபிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கடைக்காரத் தம்பி எழுந்தே நின்றுவிட்டது. நான் என்ன செய்ய? மிஷினுக்காகவும் நாலு வார்த்தை ஜெபித்தேன். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடியது! அன்றிலிருந்து ரேஷன் கடையில் எனக்குத் தனி மரியாதை.

அப்படியே மீன்கடை, தபாலாபீஸ், பஸ் ஸ்டாண்டு, ஒரு கல்யாண வீடு. எங்கே போனாலும் வாசலில் ஜெபத்தை ஆரம்பிப்பேன். முடிக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு முடிப்பேன். கோயில் பைக்குள் பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே கருவாட்டுப் பொட்டலம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ரத்தினபாய் டீச்சர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்ப்பார்கள். "பக்கத்துல யாரோ மீன் ஆய்ஞ்சுட்டுக் கைய கழுவாம வந்துட்டாங்க அக்கா" என்பார்கள். "ஆமா டீச்சர், என்ன ஜனங்களோ" என்பேன்.

ஆனால் மனசில் ஒரு உறுத்தல் இருந்தது. ஊர் முழுக்க இப்படி முடிக்காத ஜெபமாக விட்டு வருகிறோமே, அது போய்ச் சேருமா? ஐயரிடமே கேட்டேன். "ஐயா, முடிக்காத ஜெபத்தை ஆண்டவர் கேப்பாரா?"

அவர் கையிலிருந்த வேதப் புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு, "அக்கா, உங்க ஜெபம் முடிஞ்சு நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

ஒரு ஐயர் வாயால் அப்படி ஒரு சொல் கேட்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

இப்போ மதுரைக் கதைக்கு வருகிறேன். எட்டயபுரம் தாண்டிவிட்டோமா? சரி, நேரம் இருக்கிறது.

ஷைனி இருப்பது அடுக்குமாடி வீடு. அங்கே சங்கம் இருக்கிறது, சங்கத்துக்குச் செயலாளர் இருக்கிறார், சௌந்தரபாண்டியன் சார். குரைக்கிற நாய்க்கு அந்தக் கட்டடத்தில் இடம் இல்லை. "யம்மா, சோடாவ யார் வீட்டுலயாவது விட்டுட்டு வந்துரு. எனக்கு நீ வேணும், நாய் வேண்டாம்" என்று ஷைனி போனில் அழுதாள். பேறுகாலத்துப் பெண், அழவிடலாமா? ஆனால் சோடா என் கையால் கொடுத்தால்தான் தின்பான். நான் ரெண்டு நாள் சொந்தக்காரர் துக்கத்துக்குப் போயிருந்தபோது தண்ணீரைக்கூடத் தொடவில்லை. ஒரு பக்கம் பேத்தி, ஒரு பக்கம் இவன். மாப்பிள்ளை ஆல்வின்தான் பேசிப் பேசி ஒரு வழி வாங்கினார். சங்கக் கூட்டத்துக்கு நாயைக் கொண்டுவரணும், கூட்டம் முடிகிறவரை சத்தம் இல்லாமல் இருந்தால் யோசிப்பார்கள்.

அந்தக் கூட்டத்துக்காக ஒரு தடவை போய்வந்தோம். ஷைனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, உன் காலுல விழுதேன். நீ மட்டும் ஒண்ணும் பேசாத" என்றாள்.

"நான் என்னட்டி பேசப்போறேன்?" என்றேன்.

மாடியில் கூட்டம். நாற்காலி இழுக்கிற சத்தம், லிப்ட் ரிப்பேர் பற்றி ஒரே சண்டை, கீழே ஏதோ ஊர்வலத்தில் கொட்டு, வெடி. ஒரு சின்னப் பிள்ளை சோடாவின் வாலைப் பிடித்து மணி அடிக்கிற மாதிரி ஆட்டுகிறது. நான் வாசலிலேயே ஜெபத்தை ஆரம்பித்திருந்தேன். அவன் அசைய வேண்டுமே! அங்கே இருந்த மனுஷர்களிலேயே சத்தம் போடாமல் இருந்தது அவன்தான். எங்கள் வீட்டுக்காரரும்.

சௌந்தரபாண்டியன் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம்மா! இப்படி ஒரு நாயை நான் பார்த்ததில்ல. நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சார் வாய்விட்டுக் கேட்கிறார். மாட்டேன் என்றால் மரியாதையா? எழுந்தேன். ஷைனி என் முந்தானையை இழுத்தாள், சேலை கலைந்திருக்கிறது என்று சொல்கிறாள் போல என்று சரி பண்ணிக்கொண்டேன். எனக்குப் பேச்சு வராது தங்கச்சி, ஜெபம்தான் வரும். கண்ணை மூடினேன். சங்கத்துக்காக, லிப்டுக்காக, ஆழ்துளைக் கிணற்றுக்காக, அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடிக்காகவும் ஜெபித்தேன். எல்லாம் நிறைவாக வந்தது. கடைசி வரிக்கு வந்தேன். முடிக்கிற இடம். அப்போதுதான் நினைவு வந்தது, அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதே!

அப்படியே நின்றுவிட்டேன். கண் மூடியபடி, கை ஏந்தியபடி. என்ன செய்வது? உட்காரவும் முடியாது, முடிக்கவும் முடியாது. எல்லாரும் காத்திருக்கிறார்கள். கீழே கொட்டுச் சத்தம் மட்டும்தான்.

சௌந்தரபாண்டியன் சார் சின்ன வயசில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். நல்ல மனுஷர். பாவம், இந்த அம்மாவுக்கு வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்து, ஒரு ஒத்தாசையாக, கணீரென்று, அந்த மூன்றெழுத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்ல! சோடா நேரே மேஜை மேல் ஏறினான். சொன்னவர்தானே கருவாடு தரணும்? அதுதானே நியாயம்? சார் மடியில் ஏறி, கையில் தேடி, பையில் தேடி, இல்லை என்றதும் அவர் தட்டிலிருந்த சமோசாவை எடுத்துக்கொண்டு, அவர் மூக்குக் கண்ணாடியை ரெண்டு பக்கமும் நக்கித் துடைத்துவிட்டு, குரைத்தான் பாருங்க ஒரு குரைப்பு, கீழே கொட்டு நின்றுவிட்டது! ஷைனி முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை லிப்ட் பக்கம் போய்விட்டார், ரிப்பேர் என்று தெரிந்தும்.

போச்சு, எல்லாம் போச்சு. இனி பேத்தியா சோடாவா என்று நான்தான் சொல்லணும்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு கேக்கேன்மா. நான் அந்த வார்த்தையச் சொல்லலைன்னா இவன் எவ்வளவு நேரம் சத்தமில்லாம இருந்திருப்பான்?"

"நான் முடிக்கிற வரைக்கும் சார்."

"நீங்க எப்ப முடிப்பீங்க?"

நான் பதில் சொல்லுமுன் எங்கள் வீட்டுக்காரர், அன்றைக்கு முழுக்க வாயே திறக்காத மனுஷர், பின்னாலிருந்து சொன்னார்: "அது கர்த்தருக்குத்தான் தெரியும்."

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. சாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். எனக்கு அதில் என்ன சிரிப்பு என்று இன்றுவரை விளங்கவில்லை. அவர் விசுவாசத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பில் காரியம் ஜெயமானது. "ஒரு மாசம் பாப்போம். வாசல், படி, மொட்டைமாடி, எங்கேயும் சத்தம் கூடாது. வீட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு முடிச்சுக்கங்க. ஒரு புகார் வந்தாலும் நாய் ஊருக்குப் போயிரணும்" என்றார் சார்.

அந்த ஒரு மாசம் இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. அந்தக் கட்டடத்து வாசல் கேட்டுக்குள் நுழைவதிலிருந்து.

நீங்கள் நினைப்பீங்க, ஒரு நாய்க்கு இவ்வளவு பாடா என்று. ஷைனியும் அதையேதான் கேட்டாள். அவளுக்கு நான் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் ரெண்டும் போனபிறகு விளக்கு வைத்துப் பாய் விரித்தால் நாங்கள் ரெண்டே பேர். இவருக்குப் பாட்டு வராது. நான் ஒருத்தி பாடினால் என் குரலே சுவரில் பட்டு எனக்கே திரும்பி வரும். சோடா நடுவில் வந்து உட்கார்ந்த அன்றைக்கு அது நின்றுபோனது. ரெண்டு பேர் என்றால் ஜெபம். மூணு பேர் என்றால் ஜெபக்கூட்டம் இல்லையா தங்கச்சி? இன்றிலிருந்து பேத்தியும் சேர்ந்தால் நாலு.

தூத்துக்குடியில் பஸ் ஏறும்போதே கூடைக்குள் குனிந்து ஜெபத்தை ஆரம்பித்துவிட்டேன். இன்னும் திறந்துதான் இருக்கிறது. நடுவில் உங்களோடு நாலு வார்த்தை பேசுகிறேனே தவிர, ஜெபம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஷைனி வீட்டுக் கதவைச் சாத்தியதும் முடிப்பேன்.

அய்யோ, அந்தா பாருங்க. எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். திரும்பிப் பார்க்கிறார். நான் பேசுகிறது அவ்வளவு தூரம் கேட்டிருக்காதே? செய்தி நேரம் வேறு ஆகிறது. உதட்டைப் பாருங்க, வாய் தவறப்போகிற மாதிரி இருக்கிறது. நான் எழுந்து போனால் கூடை ஆடும்.

உங்கள் மடியில் இருக்கிறது கோவில்பட்டிக் கடலைமிட்டாய்தானே? கோபித்துக்கொள்ளாமல் அதில் ரெண்டு எடுத்து, கொஞ்சம் எட்டி, அவர் கையில் கொடுத்துவிடுங்க. பல்லில் ஒட்டிக்கொள்கிற ஜாதியாகப் பார்த்து.